சூடேறினால் நின்றுபோன மீன் வண்டி

ஸ்கேனரில் 'கிராங்க் சென்சார்' என்று எழுத்து வந்ததும் சென்சாரைக் கழற்றிக் குப்பையில் போடுகிறீர்கள். புதுசு மாட்டுகிறீர்கள். வண்டி ஓடினால் கெட்டிக்காரன், ஓடாவிட்டால் கடைக்காரன் திருடன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, உங்களில் பலர் டிப்ளமா படித்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். லேத் பட்டறையில் இரும்புத் தூள் பெருக்கித்தான் ஆரம்பித்தேன். ஆனால் டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கம்பெனி சர்வீசில் கையை விரித்த வண்டி கடைசியாக எங்கே வந்து சேர்ந்தது என்று. என் பட்டறை வாசலுக்குத்தான். படிக்காதவன் சொல்கிறேன் என்று தள்ளிவிட வேண்டாம்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ராயபுரத்துக்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் சொன்னது ஒன்றுதான். "முறுக்கிட்டேன்னு எவனாச்சும் சொன்னா அவன் வாயப் பாக்காத. நீ ஒரு தபா முறுக்கிப் பாரு." அதை நான் போல்ட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. புது உதிரிப் பாகம் வந்தால் டப்பாவைப் பிரித்து, அச்சைப் பார்த்து, ரப்பரை மோந்து, கையில் எடை பார்த்துத்தான் வாங்குவேன். விலை உயர்ந்த சாமான் எதுவும் அலமாரியில் இருக்காது. என் மேசை டிராயரில், என் பூட்டுக்குள் இருக்கும். அதில் என் மூக்குப்பொடி டப்பா, கத்தை ரசீதுகள், சிதறிய நட்டுகளைப் பொறுக்க வைத்திருந்த பழைய ஸ்பீக்கர் காந்தம் எல்லாம் கிடக்கும். சாவி என் இடுப்பில். இப்படி இருந்ததால்தான் என் பட்டறையில் போலிப் பாகம் நுழைந்ததே இல்லை. இது பெருமைக்குச் சொல்வதில்லை, உண்மை. ஆனால் அதே பழக்கம் ஒருவனுடைய பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் சென்சார் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். எஞ்சினின் கிராங்க் தண்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றும். அதன் பக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பதுதான் சென்சார். உள்ளே ஒரு காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடி கனத்தில் கம்பிச் சுருள். இரும்புப் பல் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது காந்தத்தின் இழுப்பு கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கம் கம்பியில் துளி மின்சாரமாகத் துள்ளும். கம்ப்யூட்டர் பெட்டி அந்தத் துள்ளலை எண்ணும். ஓரிடத்தில் மட்டும் பல் இருக்காது. அந்தக் காலியிடம் வந்ததும் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும், டீசலைச் சரியான நொடியில் அடிக்கும். எண்ணிக்கை தப்பினால் அடிக்காது. வண்டி நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

சில புது எஞ்சின்களில் பல்சக்கரமே இல்லை. பின்பக்கம் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீலோடு சேர்ந்து வழவழவென்று ஒரு கறுப்பு வளையம் வரும். அதில் பல் இல்லை, கோடு இல்லை, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சுற்றிலும் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று காந்தத்தாலேயே எழுதி வைத்திருப்பார்கள். சென்சார் அதைப் படித்துக்கொண்டே இருக்கும். இது எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும்.

முகத்துவாரக்குப்பம் அஞ்சலை மீன் வியாபாரம் செய்பவள். சொந்தமாகச் சின்ன வேன் வைத்து, தானே ஓட்டி, காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைச் சந்தைகளுக்குக் கொண்டுபோவாள். கிளட்ச் நழுவுகிறது, பின்பக்கம் ஆயில் ஒழுகுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தாள். கியர்பாக்சை இறக்கி, கிளட்ச் மாற்றி, புது ஆயில் சீல் போட்டோம். அந்த சீலில்தான் மேலே சொன்ன கறுப்பு வளையம் இருந்தது. வாங்கிவந்ததும் வழக்கம்போல் டப்பாவைப் பிரித்துப் பரிசோதித்து, டிராயரில் வைத்துப் பூட்டி, மறுநாள் காலை எடுத்துக்கொடுத்தேன். மாட்டியது கஜேந்திரன்.

கஜேந்திரன் என் எலக்ட்ரீஷியன். வியாசர்பாடி ஆள், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். என்னிடம் பத்து வருடத்துக்கு மேல். நான் அவனைக் கஜா என்பேன், அவன் என்னை நைனா என்பான். வேலையில் அவனை மிஞ்ச என்னைத் தவிர ஆள் கிடையாது. அந்தச் சமயத்தில் வள்ளூர் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரிக் கம்பெனி தன் ஒர்க்ஷாப்புக்கு நிரந்தர எலக்ட்ரீஷியன் தேடிக்கொண்டிருந்தது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். கஜாவுக்கு அது கடைசி வாய்ப்பு. என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மனுப் போட்டான்.

அஞ்சலையின் வேன் மூன்றே நாளில் எர்ணாவூர் அருகே நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஆறவிட்டால் கிளம்பும். மறுபடி சூடேறினால் நிற்கும். ஸ்கேனரில் கிராங்க் சென்சார் என்று வந்தது. சூட்டில் சாவதும் ஆறினால் உயிர் வருவதும் சென்சாரின் பழைய குணம். உள்ளே கம்பிச் சுருளில் முடி கனத்துக்கு விரிசல் இருக்கும். சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். சந்தேகமே இல்லை என்று புதுசு வாங்கிக் கஜாவிடம் கொடுத்தேன். மாட்டினான்.

நாலாம் நாள் மறுபடி நின்றது.

நான் உப்பைச் சந்தேகித்தேன். கடற்கரை வண்டிகளில் இணைப்பு முள்ளில் பச்சை பூத்துப்போகும். பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கிளட்ச் தூளைச் சந்தேகித்தேன். சென்சார் மூக்கில் இரும்புத் தூள் மீசைபோல் ஒட்டினால் அது குருடாகிவிடும். மூக்கும் சுத்தம். ஒயர் எங்காவது உரசுகிறதா என்று அடி அடியாக இழுத்துப் பார்த்தேன். இல்லை. கடைக்காரனைச் சந்தேகித்து, வேறு கடையில் இரண்டாவது சென்சார் வாங்கிக் கஜாவிடம் கொடுத்தேன். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை.

அன்று அஞ்சலை வண்டியை இழுத்துக்கொண்டு வந்து, பின்கதவைத் திறந்து காட்டினாள். ஐஸ் கரைந்து தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா மேஸ்திரி, மோந்து பாரு. ஒனக்குத்தான் எல்லாத்தையும் மோந்து பாக்குற பயக்கம் கீதே."

"பார்ட் கோளாறு அஞ்சல."

"ரெண்டு தபா மாத்தினியே, ரெண்டும் கோளாறா? ஐயே! என் பாரையும் வஞ்சிரமும் ரோட்ல நாறுது, நீ கத சொல்லிகினு கீற."

பட்டறையில் எல்லாருக்கும் கேட்டது. என் பட்டறைக்குள் நின்று ஒருவரும் என்னை அப்படிப் பேசியதில்லை. உப்பு இல்லை, தூள் இல்லை, ஒயர் இல்லை, இரண்டு கடையும் ஒரே மாதிரி ஏமாற்றாது. அப்படியானால் மிச்சம் யார்? பாகத்தை என் கையிலிருந்து வாங்கி வண்டிக்கடியில் போகிறவன். கஜா ஞாயிற்றுக்கிழமைகளில் தன் தெருவில் வண்டி பார்ப்பான் என்பது எனக்குத் தெரியும். அங்கே இதே மாடல் வேன் ஒன்று நிற்பதை ஒருமுறை பார்த்திருந்தேன். என் புது சென்சார் அந்த வேனுக்கும், அந்த வேனின் பழசு அஞ்சலைக்கும் போயிருந்தால்? நினைத்ததும் எல்லாம் பொருந்திவிட்டது. தம்பிகளே, இங்கே கவனியுங்கள். தப்பான கணக்குதான் சீக்கிரம் பொருந்தும்.

மூன்றாவது சென்சார் வாங்கி, உடம்பில் ஊசியால் மெல்லிய கோடு ஒன்று கீறி, ஒன்றும் தெரியாதவன்போல் அவனிடம் கொடுத்தேன். அது செவ்வாய்க்கிழமை. அவன் வண்டிக்கடியில் படுத்து மாட்டிக்கொண்டிருக்கும்போதே வள்ளூர் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். நான் அனுப்பிய ஆட்கள் ஏற்கெனவே அங்கே வேலை பார்த்தார்கள். என் வார்த்தைக்கு அவரிடம் மதிப்பு உண்டு.

"மேஸ்திரி, கஜேந்திரன்னு ஒருத்தர் டெஸ்ட்ல நல்லா செஞ்சிருக்கார். உங்ககிட்டதான் இருக்காராமே. ஆள் எப்படி?"

"வேலை சுத்தம் சார்."

"அது தெரிஞ்சுபோச்சு. கை எப்படி? லட்சக்கணக்குல ஸ்பேர்ஸ் இருக்கிற இடம்."

வண்டிக்கடியிலிருந்து கஜாவின் கால் இரண்டும் எனக்குத் தெரிந்தன. கை சுத்தம் என்றோ சுத்தமில்லை என்றோ சொல்லியிருக்கலாம். "எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை, ஒரு வாரம் கொடுங்கள்" என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அதுதான் நேர்மையான பதில்.

"கொஞ்சம் பாத்துக்கங்க சார்" என்றேன்.

"புரிஞ்சுது" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வேன் மறுபடி கயிற்றில் இழுபட்டு வந்தது. நானே அடியில் நுழைந்து சென்சாரைக் கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசிக் கோடு அப்படியே இருந்தது. நான் கொடுத்த அதே சென்சார். கஜா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, திருப்பித் திருப்பிப் பாக்குற? கோடு கீதா?"

"எந்தக் கோடு?"

"ஊசில கீச்சியே, அத்தான். மாட்டறப்பவே பாத்தன். எத்தினி வருசமா உன்கூட கீறேன், எனக்குத் தெரியாதா?" அவன் குரலில் கோபம்கூட இல்லை. "சரி, அத்த வுடு. மூணு சென்சாரும் நல்ல சென்சாருதான். படிக்கிறவன் மேல தப்பில்ல நைனா. எழுத்து மேலதான் இன்னாவோ தப்பு கீது. கியர்பாக்ஸ எறக்கு, வளையத்தப் பாத்துடலாம்."

இறக்கினோம். சீலைக் கழற்றி மேசைமேல் வைத்தோம். வளையம் புதுசு மாதிரியே வழவழப்பாக இருந்தது. கண்ணுக்குக் குறை ஒன்றும் இல்லை. அஞ்சலை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கி முடிவு தெரியாம நான் எய்ந்துக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

இந்த இடத்தில்தான் படிக்காத மூளை வேலை செய்தது. காந்தத்தின்மேல் காகிதம் வைத்து லேத் தூளைத் தூவினால் தூள் முள்முள்ளாக எழுந்து நிற்கும். சின்ன வயதில் பெருக்கிய தூளில் எத்தனை முறை விளையாடியிருப்பேன்! வளையத்தின்மேல் வெள்ளைக் காகிதம் வைத்து, நைசான இரும்புத் தூளைத் தூவி, விரலால் மெல்லத் தட்டினேன். ஸ்கேனரால் காட்ட முடியாததைத் தூள் காட்டியது. சுற்றிலும் சீப்புப் பல்போல் வரிசையாக நின்ற தூள், ஓரிடத்தில் மட்டும் குழம்பி, படுத்து, கலைந்த முடிபோல் கிடந்தது.

"பழசையும் பாக்கலாம்" என்று கஜா தன் பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தான். வேனிலிருந்து முதலில் கழற்றிய பழைய சீல்.

"இத ஏன்டா எடுத்து வச்சிருக்க?"

"உன் பட்டறைல பழசத் தூக்கிப் போட்டா, புச்சு மாட்டவே இல்லன்னு சொல்வியே நைனா."

பழைய சீலில் ஆயில் தடுக்கும் ரப்பர் உதடுதான் கிழிந்திருந்தது. அதன் வளையத்தில் தூள் ஒரு முழுச் சுற்றும் பிசிறில்லாமல் நின்றது. புதுசில்தான் எழுத்து அழிந்திருக்கிறது. எஞ்சின் குளிராக இருக்கும்போது அரைகுறையாக அழிந்த அந்த இடத்தைச் சென்சார் எப்படியோ படித்துவிடும். சூடேறினால் காந்தம் இன்னும் தளரும், படிக்க முடியாது, எண்ணிக்கை தப்பும், வண்டி நிற்கும். சென்சார் சாவது போலவே இருக்கும். மூன்று சென்சாரை வீணாக மாற்றியிருக்கிறேன்.

"கடக்காரன் டூப்ளிகேட் குட்துட்டான் போல" என்றான் கஜா.

அஞ்சலை ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எந்தக் கட? பேர மட்டும் சொல்லு மேஸ்திரி. மீதி நான் பாத்துக்கறன்."

கடையின் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவள் போய்க் கத்துவாள், கடைக்காரன் இன்னொரு சீல் கொடுப்பான், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் தூள் படுத்திருந்த இடத்தின் ஓரம் எனக்குத் தெரிந்த வளைவாக இருந்தது. என் கண்ணை நான் ஏமாற்றியதில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து டிராயரைத் திறந்தேன். ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். காந்தத்தின் விளிம்பும் கலைந்த தூளின் விளிம்பும் ஒன்றாகப் பொருந்தின. போலியைக் கண்டுபிடிக்க டப்பாவைப் பிரித்தது நான். திருடு போய்விடும் என்று அந்த வளையத்தை வெறுமையாக டிராயரில், காந்தத்தின்மேல் வைத்துப் பூட்டியதும் நான்.

"டூப்ளிகேட் இல்லடா. நல்ல பார்ட்டு. நான் கெடுத்துட்டேன்" என்றேன்.

அஞ்சலை காந்தத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஊரெல்லாம் திருடனத் தேடினு இருந்த. அவன உள்ள வச்சிப் பூட்டி, சாவிய இடுப்புல சொருவிகினு திரிஞ்சிக்கீற!"

கஜாவும் சிரித்தான். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். ஆனால் போன் விஷயம் பாக்கி இருந்தது.

"கஜா, வள்ளூர் மேனேஜர் உன்னப் பத்திக் கேட்டார். கையப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்."

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். சுத்தமான பிறகும் துடைத்தான்.

"எப்ப?"

"செவ்வாக்கிழம."

"அதான் போன் வர்ல" என்றான். என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அங்கேயே மேனேஜருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நான் சொன்னது தப்பு, கஜா கை சுத்தம் என்றேன்.

"செவ்வாய்க்கிழமை ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. ஆளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பேசறீங்களா மேஸ்திரி?"

என் வேலையை அவர் என்னிடமே செய்தார். நான் யாரையும் எப்படிச் சந்தேகிப்பேனோ அதே மாதிரி. வார்த்தை எடுபடாத இடத்தில் சாமானைத்தான் காட்ட வேண்டும். இரண்டு வளையம், காந்தம், காகிதம், ஒரு பொட்டலம் இரும்புத் தூள் எல்லாவற்றையும் பையில் போட்டேன். "உன் பைக்க எடுடா" என்றேன். அஞ்சலை தடுக்கவில்லை. "போய்ட்டு வா. என் வண்டி எங்க ஓடிடப் போவுது" என்றாள்.

வள்ளூரில், மேனேஜரின் மேசையில் கிடந்த பைல்களை ஒதுக்கி, தூளைத் தூவிக் காட்டினேன். பழைய வளையம், புது வளையம், காந்தத்தின் விளிம்பு. ஊசிக் கோடு கீறியதையும் சொன்னேன், கோடு அப்படியே இருந்ததையும் சொன்னேன். நடுவில் என் பெருமை எதையும் சொல்லவில்லை. அது எனக்குப் புதுசு. மேனேஜர் தானே ஒருமுறை காகிதத்தைத் தட்டிப் பார்த்தார்.

"கஜேந்திரன், உள்ள ஒர்க்ஷாப் போங்க. ஒரு டிரெய்லர் ரெண்டு நாளா ஸ்டார்ட் ஆகலை. என்னன்னு பாத்து இன்ஜினியர்கிட்ட சொல்லுங்க" என்றார். அவன் போனதும் என்னைப் பார்த்தார். "மேஸ்திரி, நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். ஆனா இனிமே ஒரு ஆளைப் பத்தி உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

அவர் சொன்னபடியே நடந்துகொண்டார். நான் பட்டறையை மூடும்வரை அந்தப் போன் மறுபடி வரவில்லை. சென்சார் சொல்வது பொய் என்று ஒருமுறை தெரிந்தால் பெட்டி அதை ஒதுக்கிவிட்டு வேறு வழி பார்க்கும். அவரும் அதைத்தான் செய்தார். தப்பு சொல்ல முடியாது.

நீங்களும் சந்தேகப்படுங்கள். வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். உப்பை, தூளை, ஒயரை, கடையை எல்லாம் பாருங்கள். ஆனால் மனிதன் பெயர் வாயில் வருவதற்கு முன்னால், அந்தப் பாகம் யார் யார் கையில் இருந்தது என்று வரிசையாக எண்ணுங்கள். அந்த வரிசையில் உங்கள் கையையும் எண்ணுங்கள். நான் எண்ணாமல் விட்ட கை அது ஒன்றுதான்.

அன்று வள்ளூர் கம்பெனி கேட்டுக்கு வெளியே, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கட்டையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கஜா வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"டிரெய்லர் ஸ்டார்ட் ஆய்ச்சி. திங்கக்கெயம வரச் சொல்ட்டாங்க" என்றான். நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் பைக்கை உதைத்தான். "ஏறு. அஞ்சல வண்டிய அப்டியே தொறந்து போட்டு வந்துகீறோம். அத்த முட்ச்சிக் குட்துட்டுத்தான் உன்னாண்டேர்ந்து போவேன்."

வழியில், முதல் சீல் வாங்கிய அதே கடையில் நிறுத்தி இன்னொரு சீல் கேட்டேன். கடைக்காரர் டப்பாவை என் முன்னால் நீட்டி, நான் பிரிப்பதற்கு வசதியாகக் கத்தியையும் மேசைமேல் வைத்தார். பல வருடப் பழக்கம். நான் கத்தியைத் தொடாமல் டப்பாவைப் பின்னால் நின்ற கஜாவிடம் கொடுத்தேன்.

"இன்னா நைனா, தொறந்து பாக்கலியா?"

"நீ பாத்து மாட்டுடா" என்றேன்.

அவன் டப்பாவைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான்.